வைரஸின் வடிவமும் கணினியின் கணக்கும்

தடுப்பூசிகளின் வெற்றிகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். பெரியம்மை ஒழிந்த வரலாறும் இளம்பிள்ளை வாதம் பின்வாங்கிய வரலாறும் பள்ளிப் பாடங்களிலேயே இடம்பெற்றுவிட்டன. தோல்விகளின் வரலாறு அவ்வளவாக எழுதப்படுவதில்லை. ஆயினும், இன்று தடுப்பூசிகளும் மருந்துகளும் உருவாகும் முறையையே மாற்றியமைத்த ஓர் அறிவுத்துறையைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், ஒரு தோல்வியிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸுக்கு எதிரான ஒரு தடுப்பூசி கைக்குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் சளியாக வந்து போகும் இந்த வைரஸ், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளின் மூச்சு நுண்குழல்களை அடைத்து உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடியது. இளம்பிள்ளை வாதத்திற்கு எதிராக 1955இல் வெற்றி கண்ட வழிமுறையே இங்கும் பின்பற்றப்பட்டது. வைரஸை ஃபார்மலினில் இட்டுச் செயலிழக்கச் செய்து, அதனையே ஊசி மருந்தாக்கினர். விளைவோ நேர்மாறாக அமைந்தது. ஊசி போடப்பட்ட குழந்தைகள் பின்னர் இயல்பாக நோய்த்தொற்றுக்கு ஆளானபோது, அவர்களுள் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தது. ஆர்.எஸ்.வி. தடுப்பூசி பெறாமல் தொற்றுக்கு ஆளான குழந்தைகளிடையே இது 5 விழுக்காடே. ஊசி பெற்ற இரு குழந்தைகள் உயிரிழந்தனர்.

காக்க வேண்டிய ஊசி நோயைக் கடுமையாக்கியது ஏன்? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடைகள் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவற்றுள் முக்கியமான ஒன்று, வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தின் வடிவத்தில் மறைந்திருந்தது. அவ்வடிவத்தைக் கண்டறிய எக்ஸ் கதிர்களும் கணினியும் தேவைப்பட்டன.

இழையிலிருந்து வடிவம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட ஓர் இழை. கோக்கப்படும் மணிகளின் வகை பொதுவாக இருபதுதான். கோக்கப்படும் வரிசையோ எண்ணற்றது. இவ்விழை நீளமாகவே கிடப்பதில்லை. தனக்குரிய ஒரு வடிவத்தில் மடிந்து சுருண்டு அமைகிறது. அவ்வாறு அமைந்த பிறகே புரதம் தன் பணியைச் செய்யத் தொடங்குகிறது. வைரஸ் நம் உயிரணுவில் ஒட்டுவதும், உள்ளே நுழைவதும், பெருகி வெளியேறுவதும் இத்தகைய புரதங்களின் வழியேதான்.

நம் உடலின் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், வைரஸை அடையாளம் காண்பதும் இந்த வடிவத்தைக் கொண்டே. புரதத்தின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்களை அவை கையுறை விரல்களைப் பற்றுவதுபோல் பற்றுகின்றன. மேடுபள்ளம் மாறினால் பிடி கிட்டாது. எனவே, எந்த வடிவத்தை உடலுக்குக் காட்டிப் பழக்குகிறோம் என்பதே தடுப்பூசியின் உயிர்நாடியாகிறது.

புரத இழை எப்படி வேண்டுமானாலும் மடிய முடியுமா? முடியாது என்பதை எண்ணும் படமுமாக நிறுவிக் காட்டிய ஆய்வு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது என்பதை இங்கு நாம் நினைவுகூர வேண்டும். ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட அந்த ஆய்வின் அடிப்படை எளிமையானது. இழையிலுள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் சுழலக்கூடிய இரண்டு பிணைப்புகள் உள்ளன. ஆனால் அணுக்கள் ஒன்றையொன்று குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் நெருங்க இயலாது. ஆகவே அவ்விரு சுழற்சிக் கோணங்களின் சேர்க்கைகளுள் பெரும்பாலானவை இயற்கையில் நிகழ வாய்ப்பில்லாதவை. எஞ்சிய சில பகுதிகளே அனுமதிக்கப்பட்டவை. இதனைக் காட்டும் வரைபடம் இராமச்சந்திரன் வரைபடம் எனப் பெயர் பெற்றது. இன்று உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது பிழையற்றதா என்று சரிபார்க்கும் உரைகற்களுள் ஒன்றாக அவ்வரைபடமே விளங்குகிறது.

புரதத்தின் வடிவத்தை நேரடியாகக் காண இரண்டு வழிகள் பெரிதும் கைக்கொள்ளப்படுகின்றன. புரதத்தைப் படிகமாக்கி அதன்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்துவது ஒன்று. புரதக் கரைசலை நொடிப்பொழுதில் உறைய வைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம் எடுப்பது மற்றொன்று. இரண்டிலும் நேரே கிடைப்பது வடிவம் அன்று. முதல் வழியில் புள்ளிகளின் கோலம் கிடைக்கிறது. இரண்டாம் வழியில் தெளிவற்ற நிழல்கள் இலட்சக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பதைக் கணித்துத் தருவது கணினியே. இவ்வாறு கண்டறியப்படும் வடிவங்களைச் சேமித்து வைக்க 1971இல் ‘புரதத் தரவு வங்கி’ தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் இருந்தவை 7 வடிவங்கள். இன்று அவை இரண்டு இலட்சத்திற்கும் மேல். யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு.

நாணேற்றிய வில்

இனி ஆர்.எஸ்.வி.க்குத் திரும்புவோம். இந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்துவது ‘எஃப்’ என்னும் புரதம். இப்புரதம் ஒரே வடிவில் நிலைத்திருப்பதன்று. நுழைவதற்கு முன், நாணேற்றிய வில்லைப்போல் விசையை அடக்கிக்கொண்டு குறுகிய வடிவில் நிற்கிறது. நுழையும் கணத்தில் விசை விடுபட்டு, நீண்ட ஊசிபோன்ற வடிவத்தை அடைகிறது. விட்ட நாண் தானே ஏறாததுபோல், இரண்டாம் வடிவத்தை அடைந்த புரதம் முதல் வடிவத்திற்குத் திரும்புவதில்லை. இவற்றை நாம் முன்வடிவம், பின்வடிவம் எனக் குறிப்பிடுவோம்.

சிக்கல் இங்குதான் இருந்தது. முன்வடிவம் மிகவும் நிலையற்றது. ஃபார்மலினில் இட்டுத் தயாரித்த வைரஸின் மேற்பரப்பில் முன்வடிவம் இல்லை. பின்வடிவமே இருந்தது என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாயிற்று. நோயைத் தடுக்கவல்ல வலிமையான எதிர்ப்பொருள்கள் பற்றுவதோ பெரும்பாலும் முன்வடிவத்தை. அதாவது, 1966இல் குழந்தைகளின் உடலுக்குக் காட்டப்பட்டது அம்பு எய்யப்பட்ட பின் கிடந்த வில். உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியது உண்மைதான். ஆனால் அவை வைரஸைத் தடுத்து நிறுத்தும் திறனற்றவையாக இருந்தன. அத்துடன் உடலின் எதிர்ப்புச் செயலும் நெறிபிறழ்ந்து நுரையீரலுக்கே ஊறு செய்தது.

முன்வடிவத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு 2013இல் கிட்டியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் தடுப்பூசி ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜேசன் மெக்லெல்லன், பீட்டர் குவாங், பார்னி கிரகாம் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சாதித்தனர். முன்வடிவத்தை மட்டுமே பற்றும் ஓர் எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அவ்வடிவிலேயே பிடித்து நிறுத்திப் படிகமாக்கினர். புரதத்தின் உச்சியில், பின்வடிவத்தில் மறைந்துபோகும் ஒரு பகுதி, எதிர்ப்பொருள்களின் முதன்மையான இலக்காக இருப்பது அப்போது புலப்பட்டது.

வடிவம் தெரிந்துவிட்டது. அதனை எதிர்ப்பொருளின் துணையின்றி நிலைநிறுத்துவது எங்ஙனம்? கணினித் திரையில் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து அணுக்களின் தொலைவுகளை ஒப்பிட்டனர். இழையின் 155ஆம் இடமும் 290ஆம் இடமும் முன்வடிவத்தில் அருகருகே உள்ளன. பின்வடிவத்தில் வெகு தொலைவில் பிரிந்துவிடுகின்றன. அவ்விரு இடங்களிலும் இயல்பாக உள்ள அமினோ அமிலங்களை நீக்கிவிட்டு, ஒன்றோடொன்று கந்தகப் பிணைப்பால் இறுகக்கூடிய சிஸ்டீனை அமர்த்தினர். இது பிரியும் இரு முனைகளைத் தையலிட்டு இணைப்பதற்கு ஒப்பாகும். மேலும், முன்வடிவத்தின் உள்ளே வெற்றிடங்கள் சில இருப்பதைக் கண்டு, 190, 207ஆம் இடங்களில் பருமனான அமினோ அமிலங்களை வைத்து அவற்றை நிரப்பினர். வில் நாணேறிய நிலையிலேயே நின்றது. அதே ஆண்டின் இறுதியில் இவ்வடிவமைப்பு வெளியிடப்பட்டது.

இதன் பயனை உலகம் கண்டது 2023இல். அவ்வாண்டு மே மாதத்தில், முன்வடிவில் நிறுத்தப்பட்ட எஃப் புரதத்தைக் கொண்ட இரு தடுப்பூசிகளுக்கு முதியோருக்காக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்டில் அவற்றுள் ஒன்று கருவுற்ற தாய்மாருக்கும் ஒப்புதல் பெற்றது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியே சிசுவை அடைந்து, பிறந்தபின் முதல் மாதங்களில் அதனைக் காக்கின்றன. முன்வடிவத்தின் உச்சியைப் பற்றும் நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருளும் அதே காலத்தில் குழந்தைகளுக்கு நேரடியாக அளிக்கும் மருந்தாக வந்தது. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஜித்தாவில் தோன்றிய ஐயம்

ஒரு வைரஸில் கற்ற பாடம் இன்னொன்றுக்கு உதவிய விதத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 2012 ஜூன் மாதத்தில் ஜித்தா நகர மருத்துவமனை ஒன்றில், கடும் நுரையீரல் அழற்சியால் உயிரிழந்த ஒருவரின் சளியில், எகிப்திய நச்சுயிரியல் அறிஞர் அலீ முஹம்மது ஸக்கீ அதுவரை அறியப்படாத ஒரு கொரோனா வைரஸைக் கண்டார். ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இது, மெர்ஸ் எனப் பெயர் பெற்றது. நோய் உறுதி செய்யப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்தனர். உலகெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் ஹஜ்ஜுக்காகக் கூடும் மண்ணில் இப்படியொரு நோய் தோன்றியது, மருத்துவ உலகைப் பெரும் கவலைக்குள்ளாக்கியது.

அடுத்த ஆண்டில், மக்கா சென்று திரும்பிய கிரகாம் ஆய்வகத்தின் உறுப்பினர் ஒருவருக்குச் சளியும் இருமலும் கண்டபோது, மெர்ஸாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. சோதித்ததில் அது எச்.கே.யு.1 என்னும் சாதாரணச் சளி தரும் கொரோனா வைரஸ் என்று தெரிந்தது. ஆய்வாளர்கள் அவ்வாய்ப்பை நழுவ விடவில்லை. மெர்ஸின் முள் புரதம் ஆய்வுக்கு எளிதில் பிடிபடாத நிலையில், அதன் உறவான எச்.கே.யு.1 முள் புரதத்தை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அதன் முன்வடிவத்தை 2016இல் வெளியிட்டனர்.

கொரோனா வைரஸின் முள் புரதமும் நாணேற்றிய வில்லே. அதனை நிறுத்த ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்டது புரோலின் என்னும் அமினோ அமிலத்தை. இருபது அமினோ அமிலங்களுள் புரோலினுக்கு மட்டுமே ஒரு தனித்தன்மை உண்டு. அதன் பக்கக் கிளை வளைந்து முதன்மை இழையோடேயே மீண்டும் இணைந்துவிடுகிறது. அதனால் இராமச்சந்திரன் வரைபடத்தின் இரு கோணங்களுள் ஒன்று ஏறக்குறைய அசையாமல் கட்டுண்டுவிடுகிறது. முள் புரதம் விசை விடுபடும்போது, மடிந்திருக்கும் ஒரு கண்ணி நிமிர்ந்து நீண்ட சுருளாக மாற வேண்டும். அக்கண்ணியில் அடுத்தடுத்து இரண்டு புரோலின்களை அமர்த்திவிட்டால் அது நிமிர இயலாது. மெர்ஸ் முள் புரதத்தில் இந்த உத்தி பலித்ததை 2017இல் அறிவித்தனர். சென்னையில் 1963இல் வரையப்பட்ட கோணக் கணக்கு, இவ்வாறு தடுப்பூசி அறிவியலின் ஒரு தாழ்ப்பாளாயிற்று.

2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் கோவிட் நோயை உண்டாக்கிய புதிய வைரஸின் மரபுத்தொடர் வெளியானபோது, அந்தத் தாழ்ப்பாளை எங்கே பொருத்த வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது. இரு வைரஸ்களின் அமினோ அமில வரிசைகளைக் கணினியில் ஒப்பிட்டு, 986, 987ஆம் இடங்களில் புரோலின்களை அமர்த்தினர். பிப்ரவரி 19இல் புதிய முள் புரதத்தின் வடிவம் வெளியானது. மார்ச் 16இல் மாடர்னா தடுப்பூசியின் முதல் ஊசி ஒரு தன்னார்வலருக்குப் போடப்பட்டது. ஃபைசர், ஜான்சன், நோவாவாக்ஸ் தடுப்பூசிகளிலும் அதே இரு புரோலின்கள் இருந்தன. அவசரத்தில் பிறந்த ஊசி என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். ஊசி விரைவாக வந்தது. ஆனால் அதன் பின்னிருந்த அறிவு விரைவாக வந்ததன்று என்பதை மேற்கண்ட வரலாறு காட்டும்.

மருந்துக்கும் இதுவே வழி

தடுப்பூசி உடலுக்கு வடிவத்தைக் காட்டிப் பழக்குகிறது. மருந்தோ அவ்வடிவத்தின் குழி ஒன்றில் சென்று அமர்ந்து, புரதத்தின் வேலையை முடக்குகிறது. இதற்குச் சிறந்த சான்று இன்ஃபுளுவென்சா வைரஸின் நியூராமினிடேஸ் என்னும் நொதி. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையைத் துண்டித்து, புதிதாகப் பிறந்த வைரஸ்களை விடுவிப்பது இதன் பணி. 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன், ஜோசப் வர்கீஸ், கிரேம் லேவர் ஆகியோர் இதன் வடிவத்தை வெளியிட்டனர். வைரஸின் பிற பகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், சர்க்கரை வந்து பொருந்தும் குழி மட்டும் மாறாதிருந்தது.

அக்குழிக்குள் எது நன்கு பொருந்தும் என்று காண, பீட்டர் குட்ஃபோர்டு உருவாக்கிய ‘கிரிட்’ என்னும் கணினி நிரல் உதவியது. குழி முழுவதையும் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வேதித் தொகுதியை வைத்தால் எவ்வளவு ஈர்ப்பு உண்டாகும் என்று அது கணக்கிட்டது. சர்க்கரையின் நான்காம் இடத்தில் நேர்மின் கொண்ட தொகுதியை வைத்தால் பிடி பன்மடங்கு இறுகும் என்பது தெரியவந்தது. மார்க் வான் இட்ஸ்டைன் குழுவினர் அவ்வாறே செய்து, முடிவை 1993இல் வெளியிட்டனர். அதுவே ஜனாமிவிர் என்னும் மருந்தாக 1999இல் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் அதே குழிக்காக உருவான ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தும் வந்தது. முன்னதை மூச்சுவழி உறிஞ்ச வேண்டும். பின்னதை விழுங்கலாம் என்பதால் அதுவே பரவலாயிற்று.

ஒசெல்டாமிவிர் குழியில் அமர, அங்குள்ள ஓர் அமினோ அமிலம் சற்றே விலகி இடம் தர வேண்டும். 2007ஆம் ஆண்டிறுதியில் பரவத் தொடங்கிய ஒருவகை இன்ஃபுளுவென்சாவில், அருகிலிருந்த ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி அந்த விலகலைத் தடுத்துவிட்டது. சில பருவங்களுக்குள் அவ்வகையிடம் ஒசெல்டாமிவிர் பயனற்றதாயிற்று. ஜனாமிவிர் தொடர்ந்து வேலை செய்தது. அது இயற்கைச் சர்க்கரையை மிகவும் ஒத்திருப்பதே காரணம். அதனை ஒதுக்கத் துணியும் வைரஸ், தனக்குத் தேவையான சர்க்கரையையும் ஒதுக்க நேரிடும். மருந்து இயற்கைப் பொருளிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவுக்கு வைரஸ் தப்பிச் செல்லும் வழி அகலமாகிறது என்பது இதிலிருந்து பெற்ற பாடம்.

கணக்கின் எல்லை

அண்மைக் காலத்தில் இத்துறை பெரும் பாய்ச்சல் கண்டுள்ளது. அமினோ அமில வரிசையை மட்டும் கொண்டு புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல், 2020இல் நடைபெற்ற போட்டியில் பல புரதங்களின் வடிவத்தை ஆய்வுக்கூட முடிவுகளுக்கு நிகராகக் கணித்தது. அதனை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய இருவருக்கும், புதிய புரதங்களையே கணினியில் வடிவமைத்துக் காட்டிய டேவிட் பேக்கருக்கும் 2024இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனவே இனி எல்லாம் கணினியே செய்துவிடும் என்று முடிவு கட்டலாமா? கூடாது என்றே நாம் கருதுகிறோம். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.யின் மேற்பரப்புப் புரதத்தின் வடிவம் நுணுக்கமாகத் தெரியும். ஆயினும், சர்க்கரைப் போர்வைக்குள் மறைந்தும் ஓயாது உருமாறியும் அது தப்பிவிடுவதால், ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இன்றளவும் இல்லை.

ஆர்.எஸ்.வி.யே இன்னும் நெருக்கமான எச்சரிக்கையைத் தருகிறது. முன்வடிவத்தைக் கொண்ட தடுப்பூசி ஒன்று கைக்குழந்தைகளுக்கே நேரடியாக அளித்துச் சோதிக்கப்பட்டபோது, ஊசி பெற்ற குழந்தைகளிடையே கடும் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. சோதனை 2024இல் நிறுத்தப்பட்டது. சரியான வடிவம் கையில் இருந்தும் இவ்வாறு நேர்ந்தது. முதியோரையும், தாய்வழியாகச் சிசுக்களையும் காக்கும் வடிவம், இதுவரை அந்நோயைச் சந்தித்தேயிராத குழந்தையின் உடலில் எவ்வாறு செயல்படும் என்பதைத் திரையில் கணித்துவிட இயலவில்லை. வடிவம் இன்றியமையாதது, வடிவம் மட்டுமே போதுமானதன்று. கணினி முன்மொழியலாம், தீர்ப்பு வழங்குவது படிப்படியான, பொறுமையான சோதனையே. 2024இல் உரிய நேரத்தில் சோதனை நிறுத்தப்பட்டதற்கு, 1966இல் இழந்த இரு உயிர்கள் கற்பித்த விழிப்புணர்வே காரணம் எனலாம்.

மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் ஆர்.எஸ்.வி.யால் இறந்ததாகப் பன்னாட்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் 97 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். தாய்மாருக்கான தடுப்பூசியும் சிசுக்களுக்கான எதிர்ப்பொருளும் முதலில் சென்றடைந்ததோ வளம் மிக்க நாடுகளை. இவ்விரண்டுள் ஒன்றையேனும் எல்லா நாடுகளும் கைக்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்துள்ளது. இது இயலாத செயலன்று. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மெக்லெல்லன் குழுவினர் ஆறு புரோலின்களுடன் வடிவமைத்த மேம்பட்ட கொரோனா முள் புரதத்தைக் கொண்டு, கோழி முட்டைகளில் குறைந்த செலவில் தயாரிக்கும் தடுப்பூசியைத் தாய்லாந்தும் வியட்நாமும் பிரேசிலும் 2021இல் தத்தம் நிறுவனங்களிலேயே சோதிக்கத் தொடங்கின.

புரதத் தரவு வங்கியில் ஆர்.எஸ்.வி.யின் முன்வடிவம் எவரும் எடுத்துக்கொள்ளத்தக்க பொதுச் சொத்தாக இருக்கிறது. அதை அறிந்துகொள்ள மனிதகுலம் கொடுத்த விலையில் அவ்விரு குழந்தைகளின் உயிரும் அடங்கும். அவ்வறிவால் விளைந்த ஊசியும் அதே அளவுக்குப் பொதுவாகும் நாளில்தான் அந்தக் கடன் தீர்ந்ததாகக் கொள்ள முடியும்.